அறுபத்திரண்டு பேர் சொல்ல வேண்டிய சொல்

விஜயநகரின் கடைசி பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, சாந்திவனம் லேஅவுட் என்று ஒன்று இருந்தது. மைசூர் வரைபடத்தில் அதைத் தேடாதீர்கள். வரைபடம் எடுக்க வந்தவர் எத்தனை மணிக்குத் திரும்பிப் போவார் என்று சரியாகச் சொல்லாததால் நாங்கள் அவரை உள்ளே விடவில்லை.

எண்பத்து நான்கு வீடுகள், ஒரு மேல்நிலைத் தொட்டி, ஒரே ஒரு கேட். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு ரிஜிஸ்டர், ரிஜிஸ்டருக்குப் பின்னால் நான். ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பத்தொரு வருஷம், வருவதையும் போவதையும் எழுதியே ரிடயர் ஆனவன் என்பதால், இந்த வேலைக்கு வேறு யார் பெயரும் எழவில்லை. மூட்டைகளை எழுதிய கை பிள்ளைகளை எழுத ஆரம்பித்தது. மூட்டைகள் தேவலை. அவை என் முகத்தைப் பார்க்காது.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஒரு சைக்கிள். தொண்ணூற்றிரண்டில் சீனிவாசன் சாருடைய சைக்கிள் காணாமல் போயிற்று. அவர் பரீட்சை இலாகாவில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் சங்கத்தின் தலைவர். தெருவில் நடந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டு பக்கத்து வீடுகளும் காப்பியடிக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேதான் நடப்பார். திருட்டைத் தடுக்க லேஅவுட்டைச் சுற்றி மதில் வேண்டும் என்றார். மதில் நாலடி எழும்பியபோது சைக்கிள் கிடைத்துவிட்டது. அக்ரஹாரத்தில் ஒரு வெற்றிலைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, ஞாபகமில்லாமல் பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறார். ஆனால் நாலடி மதிலை என்ன செய்வது? அரைகுறையாக விட்டால் பார்க்க நன்றாக இருக்காது என்று கூட்டத்தில் தீர்மானமாயிற்று.

அதற்கப்புறம் கூட்டத்துக்கு ஒரு வரிசைக் கல் என்று மதில் ஏறியது. மாதத்துக்கு இரண்டு கூட்டம். தொண்ணூற்று நான்கில் மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் சாமுண்டி மலை தெரியவில்லை. காலையில் மலையைப் பார்த்துக் கும்பிடுகிறவர்கள் முணுமுணுத்தார்கள். சங்கம் இரக்கம் இல்லாததல்ல. ஒரு பெயிண்டரை வரவழைத்து மதிலின் உட்பக்கத்தில் மலையை வரையச் சொன்னது. கோபுரம், படிக்கட்டு, நந்தி எல்லாம் அளவெடுத்தாற்போல வந்தன. நிஜ மலை பனிக்காலத்தில் தெரியாது, இது எல்லா நாளும் தெரிகிறதே என்று பலருக்குத் திருப்தி. ஒருவர் நிஜ மலைக்குப் போய்விட்டு வந்து, அது அவ்வளவு சரியாக இல்லை என்று சொன்னார்.

குக்கருக்கு மூன்று விசில் என்று வரையறை வந்தது. நாலாவது விசில் கேட்ட வீட்டின் எண் போர்டில் ஏறும். குயில் காலை ஆறு மணிக்கு முன் கூவக் கூடாது என்று மாமரத்தில் நோட்டீஸ் ஒட்டினோம். குயில் இரண்டு நாள் யோசித்தது, மூன்றாம் நாள் குடும்பத்தோடு காலி செய்தது. நாய்கள் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டன. ஒருமுறை குரைத்துவிட்டு, யாராவது எழுதிக்கொள்கிறார்களா என்று சுற்றிலும் பார்க்கும்.

நாங்கள் சிரித்தோம். இதைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவும் நடக்கும்போது நாங்கள் எல்லோரும் வீட்டுக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். சிரித்து முடிப்பதற்குள் விஷயம் பிள்ளைகளிடம் வந்துவிட்டது.

பன்னிரண்டு வயதுக்கு மேல், இருபத்தைந்துக்குள், மொத்தம் அறுபத்திரண்டு பேர். யார் எஞ்சினியரிங் படிப்பது, யார் காமர்ஸ், யாருக்கு ஜாதகம் எடுப்பது என்று எதிர்காலக் குழு முடிவு செய்யும். குழுவில் ஐந்து பேர், ஐவரும் எழுபதைத் தாண்டியவர்கள். மாலை ஆறு மணிக்குச் சங்கு ஊதும். மூடிப்போன ஒரு மில்லில் இருந்து வாங்கி வந்த சங்கு அது. அது ஊதினால் அடுப்பில் இருக்கும் பால் திரிந்துவிடும். அதற்குள் அறுபத்திரண்டு பேரும் கேட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு பிள்ளை தவறினால் அந்த வீட்டுக்கு எந்தத் தண்டனையும் கிடையாது. அந்தத் தெரு முழுவதற்கும் மூன்று நாள் தண்ணீர் வால்வை மூடிவிடுவார்கள். இது சீனிவாசன் சாரின் சொந்த மூளை. அதற்குப் பிறகு பிள்ளைகளை நான் கண்காணிக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமிகளே பார்த்துக்கொண்டார்கள்.

ஆனாலும் ஒரு சங்கடம் இருந்தது. கூட்டத்தில் சீனிவாசன் சார் சொன்னார்: "வெளியில போக வழியே கிடையாதுன்னா அதுக்குப் பேர் ஜெயில். நாம ஜெயில் நடத்தலை. ஒரு வழி இருக்கணும். ஆனா ஒருத்தரும் அதுல போகப்படாது."

எல்லோரும் யோசித்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "போறவா 'போறேன்'னு சொல்லிட்டுப் போகணும்னு போடுங்கோ சார். ஒரு ஈ காக்கை நகராது" என்றேன்.

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார்.

நம் வீடுகளில் தெருமுனைக்குக் கருவேப்பிலை வாங்கப் போகிறவனும் 'வரேன்' என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறான். 'போறேன்' என்று வாய் தவறிச் சொன்னால்கூட அம்மா அந்த வாயிலேயே ஒன்று வைப்பாள். திரும்பி வராதவர்களுக்கான சொல் அது, அதையும் அவர்கள் சொல்வதில்லை, மற்றவர்கள்தான் 'போயிட்டார்' என்கிறார்கள். எங்கள் லேஅவுட்டின் கன்னடக் குடும்பங்களிலும் இதே கதைதான். 'ஹோகி பர்த்தீனி' என்று, போவதோடு வருவதையும் சேர்த்துக் கட்டித்தான் வாசல் தாண்டுவார்கள்.

விதி இப்படி அச்சாயிற்று. கேட்டைத் தாண்டும் இளையவர் தன் வாயால் சொல்ல வேண்டும். 'வரேன்' என்றால் ஆறு மணிக்குள் வர வேண்டும், வராவிட்டால் சொல் தவறியவர், எங்கே இருந்தாலும் போய்க் கூட்டி வரலாம். 'போறேன்' என்றால் பெயர் அடிக்கப்படும். தெருவுக்குத் தண்ணீர் நிற்காது, யாரும் தேடி வர மாட்டார்கள், ஆனால் அதற்கப்புறம் பெற்றவளைப் பார்க்கக்கூட உள்ளே கால் வைக்க முடியாது. ரிஜிஸ்டரில் இரண்டு கட்டம் போட்டேன். இரண்டரை வருஷம் இரண்டாவது கட்டத்தில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

மூன்றாவது தெருவில் பாச்சு என்பவரின் குடும்பம். அவருக்கு ஹூப்ளியில் பாங்க் வேலை, மாதம் ஒருமுறை வருவார். மனைவி விசாலாக்ஷியும் பதினேழு வயசு மகள் அனுப்ரியாவும் இங்கே. பெண் பி.யூ.சி. முடித்ததும் எதிர்காலக் குழு அவளுக்கு ஜாதகம் என்று எழுதிவிட்டது. அவளோ யாருக்கும் தெரியாமல் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு, நர்ஸ் பயிற்சிக்கு, மனு போட்டிருந்தாள். தபால் என் மேசைக்குத்தான் வரும்.

"மாமா, எனக்குக் கடுதாசி வந்திருக்கா?"

"என்ன கடுதாசி?"

"நீங்க மூக்கைச் சொறியறேள். வந்திருக்கு."

பழைய ரயில்வே டைம்டேபிளுக்குள் வைத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். ஜூன் பன்னிரண்டு, திங்கட்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்குள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

"பெங்களூர் போயிட்டு ஆறு மணிக்குள்ள திரும்ப முடியாதும்மா" என்றேன். "அதுவும் மூணு வருஷப் படிப்பு."

"திரும்பி வரதா யார் சொன்னா?"

அவள் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, காய்கறி விலை பேசுகிற குரலில் சொன்னாள்: "ஒருத்தி சொன்னா பேரை அடிச்சுடுவா. சரி. அறுபத்திரண்டு பேரும் ஒரே நாள்ல 'போறேன்'னு சொன்னா? அறுபத்திரண்டு பேரையும் அடிப்பாளா? சாயங்காலம் அறுபத்திரண்டு அம்மாவும் கேட்டைப் பூட்ட விடுவாளா? அன்னியோட அது வெறும் சொல்லாயிடும் மாமா. யார் வேணும்னாலும் போலாம், யார் வேணும்னாலும் வரலாம்."

"வாய்க்கு வராதுடி."

"பழகினா வரும். புதுப் பேனா வாங்கி வெச்சுக்கோங்கோ. நிறைய எழுத வேண்டியிருக்கும்."

அந்த வாரம் பூராவும் சாயங்காலம் தொட்டிக்குக் கீழே ஒத்திகை நடந்தது. வால்வு திருப்புகிறவர் தொட்டையன். கன்னடக்காரர், எங்களோடு பழகிப் பழகி இரண்டையும் பிசைந்த ஒரு பாஷை பேசுவார். மூச்சிரைக்க என்னிடம் வந்தார்.

"ஸ்வாமி, பசங்க எல்லாம் லைட் கம்பத்துக்கிட்ட நின்னு ஏனோ சொல்தா இருக்காங்க."

"என்னன்னு?"

"போறேன் போறேன்னு. சில பேரு கன்னடத்துல ஹோக்தீனின்னு. கம்பம் ஒண்ணும் பதில் சொல்லல்ல."

"நீங்க யார்கிட்டயாவது சொன்னேளா?"

"நான் யாக்கே சொல்லணும்? நான் வால்வ் திருப்பறவன், அஷ்டே, அவ்வளவுதான்."

போய்ப் பார்த்தேன். முதலில் கம்பத்திடம். அது பழகியதும் நாயிடம். நாய் ஒருமுறை குரைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தது. கடைசியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து. சுஹாஸ் என்று ஒரு பையன், பத்தொன்பது வயசு, குரல் கணீரென்று இருக்கும். அவன் 'போறேன்' என்றால் தொட்டித் தண்ணீர் அதிர்ந்தது. அனுப்ரியா ஒவ்வொருவர் எதிரிலும் போய் நின்று, "என்னை அம்மான்னு நினைச்சுக்கோ, சொல்லு" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள். கண்ணைத் திறந்துகொண்டு சொன்னார்கள். சங்கு ஊதுவதற்குள் எல்லோருக்கும் நன்றாக வந்துவிட்டது. கலையும்போது ஒருவருக்கொருவர், "வரேண்டா", "வரேண்டி", "நாளைக்குப் பார்க்கலாம், வரேன்" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நான் சிரித்தேன். அனுப்ரியா மட்டும் அந்த 'வரேன்'களைக் கவனித்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

விஷயம் சீனிவாசன் சாருக்கும் எட்டியது. அவர் கூட்டம் போடவில்லை, யாரையும் கூப்பிட்டுத் திட்டவில்லை. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு எல்லா அம்மாக்களும் கேட்டுக்கு வந்து தங்கள் பிள்ளைகளை வழியனுப்ப வேண்டும் என்று மட்டும் ஒரு சுற்றறிக்கை விட்டார். அன்று அவர் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாராம். கேட்டுப் பக்கம் வரவே இல்லை.

ஏழரைக்கு வரிசை நின்றது. ஒரு பக்கம் பிள்ளைகள், எதிர்ப்பக்கம் அம்மாக்கள். சிலர் கையில் டிபன் பாக்ஸ். சிலர் தலையைக்கூடப் பின்னாமல் வந்திருந்தார்கள். நான் புதுப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

முதலில் சுஹாஸ். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்தான். அவன் அம்மா டிபன் பாக்ஸை நீட்டினாள். "எலுமிச்சஞ்சாதம்டா. மூடி லூசா இருக்கு, சாய்ச்சுடாதே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சுஹாஸ் வாயைத் திறந்தான். "போ..." என்றான். தொட்டி அதிரவில்லை. "போயிட்டு வரேம்மா" என்றான்.

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. திரும்பி அனுப்ரியாவைப் பார்த்தான். அதற்குள் எழுதிவிட்டேன். கேட் திறந்தது.

அடுத்து அபிஜித். கன்னடப் பையன், நல்ல முரடன். "ஹோ..." என்று ஆரம்பித்து "...கி பர்த்தீனி அம்மா" என்று முடித்தான். அடுத்தவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டே வந்தாள், கையை எடுத்ததும் அதுவே வெளியே வந்து விழுந்தது. ஒருவன் உதட்டைக் கடித்து ரத்தமே வரவழைத்துக்கொண்டான், ரத்தத்தோடு 'வரேன்' என்றான். ஒரு பெண் சொல்லிவிட்டாள் என்றுதான் நினைத்தேன், 'போறேன்' என்று தெளிவாகக் கேட்டது, அவள் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். உடனே அந்தப் பெண், "இல்லை இல்லை, வரேன், வரேன், வரேன்" என்று மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் எழுதச் சொல்லிக் கெஞ்சினாள். பயந்து சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சொல் எங்கள் வாயில் நாக்குக்கு முன்பே முளைத்தது, அவ்வளவுதான். அறுபத்தொரு பேர் வந்தார்கள், அறுபத்தொரு 'வரேன்' எழுதினேன். கேட்டைத் தாண்டியவர்களும் போகாமல் வெளியிலேயே நின்றார்கள்.

கடைசியில் அவள் நின்றாள். தோளில் ஒரு ஜோல்னாப் பை. எதிரே விசாலாக்ஷி. கையில் ஒன்றும் கொண்டு வரவில்லை.

"அனு, ஆத்துக்கு வா" என்றாள் விசாலாக்ஷி. "அப்பாட்ட பேசிக்கலாம். ஹூப்ளிக்கு நான் போன் பண்றேன்."

"அப்பா என்ன சொல்வார்னு உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும். ஆனாலும் வா."

அனுப்ரியா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

"அம்மா, போறேன்."

விசாலாக்ஷி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, அப்படியே என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, எழுதிடாதீங்கோ. கொழந்தை அவ. நீங்க எழுதிடாதீங்கோ."

பேனா இரண்டாவது கட்டத்துக்கு மேல் நின்றது. இரண்டரை வருஷம் வெள்ளையாகவே இருந்த கட்டம். அதில் எழுதினால் இந்தப் பெண் இனி இந்தத் தாயை மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்துகூடப் பார்க்க முடியாது. எழுதாவிட்டால், ஒரு நாள் கோபம் ஆறியபின் எப்படியும் ஒரு வழி பிறக்கும். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டேன். கருணை என்று அப்போது அதற்குப் பெயர் வைத்திருந்தேன். பேனாவை ஓர் அங்குலம் நகர்த்தி, முதல் கட்டத்தில் எழுதினேன். வரேன்.

"எழுதிட்டேளா மாமா?"

"எழுதிட்டேன்."

"படிச்சுக் காட்டுங்கோ."

"பஸ் வந்துடும், கிளம்பு" என்று ரிஜிஸ்டரைச் சாய்த்துக்கொண்டேன்.

"நீங்க ஒருத்தராவது..." என்று ஆரம்பித்தாள். எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கேட்டைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன்.

ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. சீனிவாசன் சார் வந்து வழக்கம்போல ரிஜிஸ்டரைப் புரட்டினார். கடைசி வரியில் விரல் நின்றது. அன்றுதான் முதன்முதலாக அவர் சிரித்ததைப் பார்த்தேன். பற்கள் நன்றாகவே இருந்தன.

"வரேன்னு சொல்லியிருக்காளே" என்றார். "அப்போ வரணுமே."

என் வாய் திறந்தது. ரிஜிஸ்டரில் பொய் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் அப்படி ஒரு வாக்கியம் நான் சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

தொட்டையன் மூன்றாவது தெருவின் வால்வைத் திருப்பினார். முதல் நாள் மாமிகள் விசாலாக்ஷி வீட்டு வாசலில் காலிக் குடத்தை வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் நாள் குடங்கள் இருபத்தெட்டு ஆயின. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. வாசற்கதவைத் திறக்க முடியாமல் விசாலாக்ஷி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் காலை, சீனிவாசன் சாரும் தெருவில் நாலு பேரும் ஒரு வாடகைக் காரில் பெங்களூர் போனார்கள். ரிஜிஸ்டரையும் எடுத்துப் போனார்கள்.

ஹாஸ்டல் வார்டன் முதலில் விடவில்லையாம். பெண் தன் விருப்பத்தோடு வந்ததாகச் சொல்கிறாள் என்றாளாம். சீனிவாசன் சார் ரிஜிஸ்டரை விரித்துக் காட்டியிருக்கிறார். தேதி, நேரம், சொன்ன சொல், என் கையெழுத்து. பதினெட்டு நிரம்பாத பெண், திரும்பி வருவதாக எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். வார்டன் கையெழுத்தைப் படித்துப் பார்த்தாளாம். நல்ல தெளிவான கையெழுத்து என்று பார்சல் ஆபீசிலேயே எனக்குப் பெயர். பையைக் கட்டச் சொல்லிவிட்டாள்.

அன்று மாலை தொட்டிக்குக் கீழே கூட்டம். அனுப்ரியாவை நடுவில் நிறுத்தினார்கள். மூன்றாவது தெரு மொத்தமும் வெறும் பக்கெட்டோடு நின்றது. கூட்டம் முடிந்ததும் வால்வைத் திறப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்தலை. என்னம்மா சொல்றே?" என்றார் சீனிவாசன் சார். மெதுவாகத்தான் கேட்டார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"நான் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமா. அன்னிக்கு நான் என்ன சொன்னேன்?"

அங்கே நின்ற அறுபத்தொரு பிள்ளைகளுக்கும் அது தெரியும். அறுபத்தொரு அம்மாக்களுக்கும் தெரியும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுஹாஸ் தரையைப் பார்த்தான்.

"சொல்லுங்கோ" என்றார் சீனிவாசன் சார். "நீங்க எழுதினதும் நீங்க சொல்றதும் ஒண்ணா இருந்தா போறும்."

விசாலாக்ஷியைப் பார்த்தேன். அவள் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. நான் இப்போது உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் இந்த நிமிஷமே கேட்டுக்கு வெளியே போகலாம், யாரும் தொட முடியாது. அந்தத் தாய்க்கு மகள் இல்லை. தெருவுக்குத் தண்ணீர் அநியாயமாக நின்றது என்று ஆகும். நான் பொய்யெழுத்து எழுதியவன் என்று ஆகும். எல்லாவற்றையும் இந்த வரிசையில்தான் யோசித்தேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் கடைசியில் உள்ளதுதான் முதலில் வந்தது.

"வரேன்னுதான் என் காதுல விழுந்தது" என்றேன்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"உங்களுக்குக் காது நன்னாக் கேக்கும் மாமா" என்றாள்.

தொட்டையன் வால்வைத் திறந்தார். குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு துரு, பிறகு தண்ணீர். சத்தம் கேட்டதும் பக்கெட்டுகள் ஓடின. கூட்டம் முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை, அதுவே முடிந்துவிட்டது. தொட்டிக்குக் கீழே அவளும் நானும் தொட்டையனும்தான் நின்றோம். தொட்டையன் வால்வுச் சாவியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

மறுநாள் விதியைத் திருத்தினார்கள். இரண்டாவது கட்டம் வேண்டியதில்லை, அது பிள்ளைகளின் மனசைக் கெடுக்கிறது என்று எல்லோரும் ஒருமனதாகக் கை தூக்கினார்கள். ஸ்கேல் வைத்து, பக்கம் பக்கமாக, நான்தான் அடித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். இனிமேல் கேட்டைத் தாண்ட ஒரே ஒரு சொல்தான்.

பெங்களூரில் அந்த வாரமே அவள் இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. அந்தத் தபாலையும் என் கையால்தான் கொடுத்தேன். இந்தத் தடவை டைம்டேபிளுக்குள் வைக்கவில்லை. ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அனுப்ரியா மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். "எங்கேம்மா?" என்றேன். 'வரேன்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், கோயிலுக்குப் போகலாம், நூல்கண்டு வாங்கப் போகலாம், ஆறு மணிவரை மைசூர் முழுக்கச் சுற்றலாம். சொல்லவில்லை. சொல்லாதவரை நான் விட முடியாது. கொஞ்ச நேரம் நின்றாள், திரும்பி வீட்டுக்குப் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமையும் வந்தாள். புதன்கிழமையும் வந்தாள். மழை பிடித்துக்கொண்ட பிறகு குடையில்லாமலும் வந்தாள். வீட்டிலும் பேசுவதில்லை என்று விசாலாக்ஷி சொன்னாள். மகளைத் தக்கவைத்துக்கொண்ட முகம் அல்ல அவளுடையது.

"ஒரே ஒரு தடவை சொல்லிடச் சொல்லுங்கோ அண்ணா" என்றாள் என்னிடம். "எங்கேயாவது வெளியில போயிட்டு வரட்டும். வெறுமனே செவுத்தைப் பார்த்துண்டே உக்காந்திருக்கா. அதுல வரைஞ்சிருக்கிற மலையைப் பார்த்துண்டு."

ஆடி மாசக் கடைசியில் ஒரு நாள், வரிசை நீளமாக இருந்தது. அவள் வந்து நின்றாள். நான் சுற்றிலும் பார்த்தேன். குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னேன்: "நீ வாயைத் திறக்க வேண்டாம்மா. வரேன்னு நானே எழுதிக்கறேன். போ."

ரிஜிஸ்டரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். இரண்டு மாதத்தில் அன்றுதான் பேசினாள்.

"இன்னொரு தடவையா மாமா?"

திரும்பி நடந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற சுஹாஸ் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினான், பிறகு மேசைக்கு முன்னால் வந்தான்.

"வரேன்" என்றான்.

எழுதினேன்.